"ஸ்டாக்" என்னும் சுட்டுச்சொல்

மதர்போர்டு கணக்குப் போடுவதில்லை. கணக்குப் போடுவது செயலி. மதர்போர்டு மின்சாரத்தைப் பக்குவப்படுத்திச் செயலிக்கு ஊட்டுகிறது. நினைவகத்துக்கும் சேமிப்பகத்துக்கும் பாதை அமைக்கிறது. பயாஸ் என்னும் சிறு நிரலின் வழியாகச் செயலி எவ்வளவு மின்சாரம் குடிக்கலாம் என்று வரம்பு விதிக்கிறது. இவ்வளவுதான் அதன் வேலை. அப்படியிருக்க, ஒரே செயலியைப் பத்து மதர்போர்டுகளில் மாற்றி மாற்றிப் பொருத்தி, "எல்லாம் ஸ்டாக் செட்டிங்ஸ்தான், எதையும் தொடவில்லை" என்று உறுதிமொழி கொடுத்து, சினிபெஞ்ச் மதிப்பெண்களை வண்ணப் பட்டைகளாக வரைந்து, இந்தப் பலகை முதலிடம், அந்தப் பலகை ஏழாமிடம் என்று அறிவிக்கும் வழக்கம் எதைத்தான் அளக்கிறது?

விடை எளியது. செயலி ஒன்று, குளிர்விப்பான் ஒன்று, நினைவகம் ஒன்று, மின்வரம்பும் ஒன்று என்றால், தரமான இரண்டு மதர்போர்டுகளுக்கு இடையே வேகத்தில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு வராது. வேறுபாடு வந்தால், மின்வரம்பு ஒன்றாக இல்லை என்று பொருள். ஆகவே அந்தத் தரவரிசை எந்தப் பலகை சிறந்தது என்பதை அளக்கவில்லை. செயலியை ஆக்கியவர் வகுத்த வரம்பை எந்தப் பலகைக்காரர் எவ்வளவு தூரம் தாண்டினார் என்பதை அளக்கிறது. தாண்டியவருக்கு மாலை, வரம்புக்குள் நின்றவருக்கு ஏழாமிடம்.

இந்தத் தலைகீழ் நீதியைத் தாங்கி நிற்பது ஒற்றைச் சொல்: "ஸ்டாக்".

தமிழ்க் காணொளிகளிலும் விமர்சனங்களிலும் இச்சொல் ஒரு பெயரடையைப் போல நடமாடுகிறது. "ஸ்டாக் வேகம்", "ஸ்டாக் வெப்பம்" என்று சொல்லும்போது, பொருளுக்குள்ளேயே உறைந்திருக்கும் ஒரு பண்பைப் பேசுவதுபோல் தொனிக்கிறது. உண்மையில் அது பண்பைக் குறிப்பதில்லை, சுட்டுகிறது. "இங்கே", "நேற்று" என்ற சொற்களைப் போல, சொல்பவர் யார், எப்போது சொல்கிறார் என்று தெரியாதவரை அதற்குப் பொருள் கிடையாது. சென்னையில் நிற்பவரின் "இங்கே"யும் பிச்சாட்டூரில் நிற்பவரின் "இங்கே"யும் வேறு வேறு இடங்கள் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. "ஸ்டாக்" என்ற சொல்லுக்கு மட்டும் அந்த விளக்கம் தேவைப்படுகிறது. அதைக் கொடுக்க வேண்டியவர்கள் கொடுப்பதில்லை.

இச்சொல்லுக்கு இன்று குறைந்தது மூன்று உரிமையாளர்கள் இருக்கிறார்கள். முதலாமவர் செயலியை ஆக்கியவர். இன்டெல் ஐ7-12700க்கு அடிப்படை மின்னளவு 65 வாட், உச்ச மின்னளவு 180 வாட் என்று அவர் அச்சிட்டுத் தருகிறார். இரண்டாமவர் மதர்போர்டுக்காரர். அதே செயலியை ஒரு மலிவுப் பலகை சில நொடிகளுக்குப் பிறகு 65 வாட்டில் கட்டிப்போடுகிறது. இன்னொரு பலகை 180 வாட்டில் நாள் முழுதும் ஓடவிடுகிறது. வேறொன்று வரம்பு என்ற கட்டத்தில் 4,096 வாட் என்று எழுதிவைத்திருக்கிறது. வீட்டு இஸ்திரிப் பெட்டி ஏறத்தாழ 1,000 வாட். நான்கு இஸ்திரிப் பெட்டிகளின் மின்சாரத்தை விரல்நகம் அளவுச் சில்லு குடிக்கலாம் என்பது அனுமதியன்று, வரம்பே இல்லை என்பதன் மறைமொழி. மூன்றாமவர் விமர்சகர். நினைவகத்துக்கு எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ விவரக்குறிப்பை இயக்கிவிட்டு, "அது எல்லோரும் செய்வதுதானே" என்று சொல்லி அதையும் ஸ்டாக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். ஐ9-14900கே செயலி அதிகாரபூர்வமாக ஏற்கும் நினைவக வேகம் டி.டி.ஆர்.5-5600. அதற்கு மேல் ஓட்டுவதைச் செயலி நிறுவனங்களே ஓவர்கிளாக்கிங் என்று வகைப்படுத்துகின்றன.

மூவரின் ஸ்டாக்கும் வேறு வேறு. பட்டை வரைபடத்தில் மட்டும் அவை ஒரே சொல்லாக நிற்கின்றன.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இதில் ஒரு பழைய பாடம் நினைவுக்கு வரும். பொன்னும் மலையும் சேர்ந்தால் பொன்மலை. எதுவும் தோன்றவில்லை, திரியவில்லை, கெடவில்லை. ஆகவே இயல்புப் புணர்ச்சி. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம், னகரம் றகரமாயிற்று, ஆகவே விகாரம். பொற்குடத்தை எழுதிக்காட்டி, "எழுத்து எதையும் மாற்றவில்லை, இது இயல்புதான்" என்று வாதாடும் மாணவருக்கு எந்த ஆசிரியரும் மதிப்பெண் தரமாட்டார். செயலியும் பலகையும் புணரும் இடத்தில் மட்டும் எல்லா விகாரமும் இயல்பு என்ற பெயரில் முழு மதிப்பெண் வாங்குகிறது.

இது இன்று நேற்றுப் பிறந்த நோயன்று. 2012ஆம் ஆண்டில் வந்த ஐ7-3770கே செயலி, ஒரு கரு மட்டும் உழைக்கும்போது 3.9 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறலாம். நான்கு கருக்களும் சேர்ந்து உழைத்தால் 3.7 என்பது இன்டெல் வகுத்த கணக்கு. அக்காலத்து இசட்77 மதர்போர்டுகளில் சில, பயனர் எதையும் தொடாதபோதே, அல்லது நினைவக விவரக்குறிப்பை இயக்கிய மறுகணமே, நான்கு கருக்களையும் 3.9இல் ஓட்டின. கூட்டிப் பார்த்தால் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல். மதர்போர்டு விமர்சனத்தில் முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் இடையே வழக்கமாக அவ்வளவு இடைவெளிகூட இருப்பதில்லை. ஆகவே அந்த ஒரு தந்திரமே ஒரு பலகையை முதலிடத்தில் ஏற்றப் போதுமானதாயிற்று. ஒருவர் செய்தார், விமர்சனத்தில் பின்தங்கக்கூடாதென்று அடுத்தவரும் செய்தார். அடிப்படைக் கடிகாரத்தை 100 மெகாஹெர்ட்ஸிலிருந்து அரை மெகாஹெர்ட்ஸ் தள்ளிவைக்கும் சில்லறை வேலைகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

2020 ஜூனில் இந்தக் கதை இன்னொரு படி இறங்கியது. எச்.டபிள்யூ.இன்ஃபோ என்னும் கண்காணிப்பு மென்பொருளில் "மின் அறிவிப்பு விலகல்" என்ற புதிய அளவு சேர்க்கப்பட்டது. அதற்குக் காரணம் இருந்தது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 பலகைகளில் சில, செயலிக்குள் பாயும் மின்னோட்டத்தைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தன. பலகை சொல்லும் எண்ணை நம்பித்தான் செயலி தன் மின்கணக்கைப் போடுகிறது. பொய்க்கணக்கு கேட்ட செயலி, வரம்புக்குள் இருப்பதாக எண்ணிக்கொண்டு வரம்பைத் தாண்டியது. பயாஸ் திரையில் எல்லா எண்ணும் ஒழுங்காக நின்றன. பார்வைக்கு எல்லாம் ஸ்டாக்.

பிறகு வந்தது 2024. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை உயர்நிலை மேசைக்கணினிச் செயலிகள், விளையாட்டுகளைத் திறக்கும்போதும் கோப்புகளை விரிக்கும்போதும் நிலைகுலைந்து விழுவதாக உலகெங்கும் புகார் குவிந்தது. அந்த ஏப்ரலில் இன்டெல், 600, 700 வரிசைச் சிப்செட் கொண்ட பலகைகள் பலவற்றில் மின்காப்பு, வெப்பக்காப்பு ஏற்பாடுகள் அணைக்கப்பட்ட நிலையிலேயே பயாஸ் இயல்புநிலை வகுக்கப்பட்டிருப்பதாகச் சுட்டிக்காட்டியது. இன்டெல்லின் சொந்த இயல்புநிலையைப் பலகைகளில் இயல்புநிலையாக வைக்குமாறு மதர்போர்டு நிறுவனங்களை அதே இன்டெல் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த வாக்கியத்தை இரண்டாம் முறை படிப்பவருக்கு "ஸ்டாக்" என்ற சொல்லின் மேல் மிச்சமிருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. பழி முழுவதும் பலகைக்காரர் தலையில் விழவில்லை. 2024 செப்டம்பரில் இன்டெல் வெளியிட்ட முடிவின்படி, செயலிக்குள்ளிருந்த ஒரு கடிகாரச் சுற்று உயர்ந்த மின்னழுத்தத்திலும் வெப்பத்திலும் தேய்ந்து போனதே மூலகாரணம். அதற்கு வழிவகுத்த நான்கு சூழல்களுள் ஒன்று மட்டுமே பலகைகளின் வரம்பு மீறல். மற்றவை இன்டெல்லின் சொந்த நுண்நிரலிலும் பயாஸிலும் இருந்த தவறுகள். அந்த நிறுவனமும் பல ஆண்டுகளாக மின்வரம்புகளைக் கட்டளையாக வைக்காமல் பரிந்துரையாகவே வைத்திருந்தது; அந்தத் தளர்வில் கிடைத்த வெற்றி மதிப்பெண்களை அதுவும் அனுபவித்தது. ஏற்கெனவே தேய்ந்துவிட்ட செயலியைப் புதிய நுண்நிரல் மீட்காது என்பதால், உத்தரவாதக் காலம் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஆனால் இத்தனை காலமும் அந்தப் பலகைகளை "ஸ்டாக்கில் அளந்தோம்" என்று முதலிடத்தில் ஏற்றிவைத்த வரைபடங்களில் எத்தனை திருத்தப்பட்டன? பழைய தரவரிசைகள் இன்றும் தேடுபொறியில் அப்படியே நிற்கின்றன.

இதில் பிச்சாட்டூருக்கு என்ன வேலை என்று கேட்கலாம்.

பிச்சாட்டூர் 2022 ஏப்ரல் 4 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அன்றிலிருந்து திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. ஊர் ஓர் அங்குலமும் நகரவில்லை; முகவரி மாறியது. 2023 அக்டோபரில் வாங்கிய மதர்போர்டும், 2024 இறுதியில் பயாஸ் புதுப்பித்த அதே மதர்போர்டும் அப்படித்தான். பலகை மாறவில்லை, அதன் இயல்புநிலை மாறிவிட்டது. மாவட்டத்தின் பெயரைச் சொல்லும்போது தேதியையும் சேர்த்துச் சொன்னால்தான் பழைய ஆவணம் பொருள்படும் என்பது அவ்வூர்ப் பத்திர எழுத்தருக்குத் தெரியும். பயாஸ் பதிப்பைச் சொல்லாமல் ஸ்டாக் என்று எழுதும் விமர்சகருக்குத் தெரியவில்லை.

அவ்வூரின் அருகே ஆரணியாற்று அணை இருக்கிறது. மழைக்காலத்தில் அதன் நீர்மட்டம் ஆந்திரத்துக்கு மட்டுமான செய்தியன்று. எல்லை தாண்டி ஊத்துக்கோட்டையிலிருந்து பழவேற்காடு வரை ஆற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு அது உயிர்ச்செய்தி. அணையின் அளவுகோலில் சுழியத்தை ஒருவர் தம் விருப்பப்படி இரண்டடி மேலேயோ கீழேயோ வைத்துக்கொண்டு, "அளவுகோல் காட்டியதைத்தான் சொன்னேன்" என்றால், கீழ்க்கரை ஊர்கள் அதை ஏற்குமா? எண்ணைப் பொய்யாகச் சொல்லவில்லை என்பது உண்மையே. எங்கிருந்து எண்ணினார் என்பதை மறைத்தார் என்பதும் உண்மை.

தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் அப்படியொரு சிற்றூரில் அச்சு, ஒளிப்படத் தொகுப்பு வேலை செய்து பிழைக்கும் ஒரு கடைக்காரரை எண்ணிப் பார்க்கலாம். அவருக்கு மதர்போர்டு ஒரு பொழுதுபோக்கன்று. ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கும் முடிவு. மொழிக்கு எல்லைக்கோடு கிடையாது என்பதால் அவர் தமிழ்க் காணொளிகளைப் பார்க்கிறார். பார்த்து முடித்துச் சென்னை ரிச்சி தெருவுக்குப் பேருந்து ஏறுகிறார். அங்கே "ஸ்டாக்" என்றால் இருப்பு, "ஸ்டாக் இருக்கா அண்ணே?" என்ற கேள்விக்கு உண்டு, இல்லை என்று நேர்மையான விடை கிடைக்கும். அதே சொல், காணொளியில் வந்தபோது அவருக்கு நேர்மையான விடை கொடுக்கவில்லை.

முதலிடம் பெற்ற பலகையை வாங்கி வருகிறார். செயலிக்கு 180 வாட், எளிய வரைகலை அட்டைக்கு 120, மற்ற உறுப்புகளுக்கு 40. மின்வழங்கியின் இழப்பும் திரையின் 25 வாட்டும் சேர்ந்தால் 400ஐத் தாண்டுகிறது. கடையில் இருப்பது சந்தையில் பரவலாக விற்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ்.; அது தாங்குவது பொதுவாக 360 வாட். முழுச்சுமையில் வேலை ஓடும்போது மின்சாரம் நின்றால், யு.பி.எஸ். காப்பாற்றுவதற்குப் பதிலாகத் தானும் விழும். சேமிக்காத திருமணத் தொகுப்பும் அதோடு போகும். செயலி ஆக்கியவரின் 65 வாட் அடிப்படையில் அதே கணினி 300 வாட்டுக்குள் அடங்கியிருக்கும். வேலை முடியச் சில நிமிடங்கள் கூடியிருக்கும்; வேலை போயிருக்காது.

வெப்பமும் இதே கதைதான். குளிரூட்டிய அறையில் 22 டிகிரியில் எடுத்த அளவு, கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஒரு தகரக்கூரைக் கடைக்குப் பொருந்தாது. சுற்றுவெப்பம் எவ்வளவு ஏறுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவும் செயலியின் வெப்பத்தோடு கூடும். வரைபடத்தில் 85 டிகிரி என்று கண்ட செயலி, அங்கே 100ஐத் தொட்டுத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது வரம்பு மீறி வாங்கிய முதலிடம், அதை நம்பிக் காசு கொடுத்தவரின் மேசையில் நிலைக்கவே நிலைக்காது.

இதற்கு மூன்று மறுப்புகள் வழக்கமாக வரும்.

"பெட்டியைத் திறந்ததும் வாங்குபவருக்குக் கிடைக்கும் நிலையைத்தானே அளக்கிறோம்" என்பது முதல் மறுப்பு. இது வலுவானது, ஒரு பாதி சரியும்கூட. பலகை தொழிற்சாலையிலிருந்து எப்படி வருகிறதோ அப்படியே அளந்து சொல்வது பயனுள்ள செய்தி. ஆனால் அந்தச் செய்தியின் பெயர் "இந்தப் பயாஸ் பதிப்பில் இந்த நிறுவனம் வைத்த அமைப்பு" என்பது. அதைப் பலகையின் திறன் என்று விற்பதுதான் பிழை. பெட்டி திறந்த நிலையை ஒருமுறையும், செயலி நிறுவனத்தின் வரம்பைக் கையால் இட்டு இன்னொரு முறையும் அளந்தால், இரண்டுக்கும் இடையிலான இடைவெளியே அந்த விமர்சனத்தின் மதிப்புமிக்க எண்ணாக இருக்கும்.

"இலவசமாக வேகம் கிடைத்தால் யாருக்கு நட்டம்?" என்பது இரண்டாவது. இலவசம் எதுவும் இல்லை. மின்கட்டணம், மின்விசிறிச் சத்தம், மின்சீராக்கியின் சூடு, செயலியின் ஆயுள் என்று நான்கு வழிகளில் விலை வசூலாகிறது. விலைச்சீட்டில் அச்சிடாத விலை என்பதால் அது இலவசம் ஆகிவிடாது.

"சாதாரணப் பயனருக்கு இதெல்லாம் புரியாது" என்பது மூன்றாவது; மூன்றிலும் இதுதான் கசப்பானது. படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் மாறிய காலத்தில், எந்தச் சந்தைப் படி எவ்வளவு கொள்ளும் என்று உழவர் கணக்கு வைத்திருந்தார். அந்தக் குழப்பத்தை ஒழிக்கத்தான் 1956இல் எடை, அளவுத் தரச் சட்டம் வந்தது. இன்று காய்கறிக் கடை எடைக்கல்லிலும் முத்திரை கேட்கிறார்கள். நகையில் ஹால்மார்க் பார்க்கிறார்கள். முத்திரை கேட்கத் தெரிந்த மக்களுக்கு மின்வரம்பு புரியாது என்று சொல்வது, விளக்க மறுப்பவரின் சோம்பலை வாங்குபவரின் அறியாமையாக எழுதிவைப்பதாகும்.

செய்ய வேண்டியது பெரிதன்று. மதர்போர்டை அளந்து தமிழில் எழுதுபவரும் பேசுபவரும் ஐந்து செய்திகளை ஒவ்வொரு வரைபடத்தின் அடியிலும் இட்டால் போதும்:

1. பயாஸ் பதிப்பும் அதன் தேதியும்.
2. அளக்கும்போது நடப்பிலிருந்த நீண்டகால, குறுகியகால மின்வரம்புகள், வாட் கணக்கில்.
3. நினைவகம் ஓடிய உண்மையான வேகம்; எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ இயங்கியதா என்பது.
4. அறையின் வெப்பநிலை.
5. சோதனை ஓடிய நேரம். சில நொடிகளில் முடியும் சோதனை, குறுகியகால வரம்பை மட்டுமே பார்க்கிறது. அரைமணி நேரம் ஓடும் வேலையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

செயலிகளை நிறுவனம் வகுத்த நினைவக வேகத்திலேயே அளந்து, அதற்காக வாசகர்களின் முணுமுணுப்பையும் வாங்கிக்கொண்ட ஆனந்த்டெக் தளம், 27 ஆண்டுகள் நடந்து 2024 ஆகஸ்ட் 30 அன்று நின்றுவிட்டது. அந்த ஒழுக்கம் ஆங்கிலத்திலேயே அருகிவருகிறது. தமிழில் அது இனிமேல்தான் தொடங்க வேண்டும். தொடங்குவதற்கு ஆய்வகமோ நன்கொடையோ தேவையில்லை, ஐந்து வரிகள் தேவை.

மதர்போர்டுகளை ஒப்பிட வேண்டாம் என்பதில்லை. மின்சீராக்கி ஒருமணி நேரச் சுமையில் எவ்வளவு சூடாகிறது, வேலையின்றி இருக்கும்போது எவ்வளவு மின்சாரம் வீணாகிறது, எத்தனை ஆண்டுகள் பயாஸ் புதுப்பிப்பு வருகிறது, ஒரு துளை பழுதானால் சென்னையில் யார் சரிசெய்து தருவார் என்று ஒப்பிட ஆயிரம் உண்டு. இவையெல்லாம் பலகையின் சொந்தப் பண்புகள். செயலியின் வேகத்தைப் பலகையின் பெருமையாக வரைவதை நிறுத்தினால், இவற்றை எழுத இடம் கிடைக்கும்.

அதுவரை, "ஸ்டாக் செட்டிங்ஸில் அளந்தது" என்று எங்கே கண்டாலும் வாசகர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: யாருடைய ஸ்டாக், எந்தத் தேதியின் ஸ்டாக்? விடை இல்லாத வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், முத்திரை இல்லாத படிதான்.